முன்பெருக்கி மலிவான வரலாறு

வீட்டில் ஓர் அறையை ஒழித்துக்கொண்டு பாட்டும் பேச்சும் பதிவு செய்வோர் இன்று உலகெங்கும் பெருகிவிட்டனர். அவர்கள் முதலில் வாங்குவது ஒலிவாங்கி. அதை வாங்கிய பின்னரே, அதற்கும் பதிவுக் கருவிக்கும் நடுவில் இன்னொரு கருவி வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிய வருகின்றது. கடைக்காரர் அதனைப் பிரீ-ஆம்ப் என்பார். தமிழில் முன்பெருக்கி என்று வழங்கலாம். ஒலிபெருக்கி என்னும் சொல் நம்மிடையே நன்கு வேரூன்றியது. கூட்டத்தார் கேட்குமாறு ஒலியை உயர்த்துவது அது. முன்பெருக்கியோ அதற்கும் முன்னே நிற்பது. ஒலிவாங்கி தரும் மிக மெல்லிய மின்னலையைப் பதிவுக்கு ஏற்ற அளவுக்கு உயர்த்திக் கொடுப்பது. இக்கருவி நூறு அமெரிக்க வெள்ளியை ஒட்டிய விலையிலும் கிடைக்கின்றது; ஆயிரக்கணக்கான வெள்ளியிலும் கிடைக்கின்றது. இவ்வேற்றுமையைக் கண்டு மலைக்கும் எளியவர், மலிவானதை வாங்கிவிட்டுத் தம் பதிவும் மலிவானதே என மனம் குன்றுவர். அல்லது கடன்பட்டு உயர்ந்த விலைக்கு வாங்குவர். இரண்டுக்கும் தேவையில்லை என்பது இக்கருவியின் வரலாற்றை அறிந்தால் விளங்கும்.

ஒலிவாங்கி தரும் மின்னலை எவ்வளவு மெல்லியது என்பதை முதலில் அறிய வேண்டும். 1965-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஷூர் நிறுவனம் வெளியிட்ட எஸ்எம்57 என்னும் ஒலிவாங்கி இன்றும் விற்பனையில் உள்ளது. வாயருகே பிடித்து உரத்துப் பாடினால், அதாவது ஒலியின் வலிமை 94 டெசிபல் அளவில் இருந்தால், அது 1.6 மில்லி வோல்ட்டு தரும். பதிவுக் கருவி எதிர்பார்ப்பது ஏறத்தாழ ஒரு வோல்ட்டு. ஆகவே 625 மடங்கு பெருக்க வேண்டும். பொறியாளர் இதனை மடங்காகக் கூறாமல் மடக்கையாகக் கூறுவர். 10 மடங்கு என்றால் 20 டெசிபல். 100 மடங்கு 40. 1,000 மடங்கு 60. மடக்கை அட்டவணையைப் புரட்டிப் பழகிய ஆசிரியர்களுக்கு இது புதிதன்று. 625 மடங்கு என்பது 56 டெசிபல் ஆகும். பாடுபவர் குரலைத் தாழ்த்தினாலும், அரை அடி விலகி நின்றாலும், இன்னும் 10 அல்லது 20 டெசிபல் கூடுதலாக வேண்டும்.

கரித்தூளும் வெற்றிடக் குழலும்

தொலைபேசி பிறந்த காலத்தில் இத்தொல்லை இல்லை. 1877, 1878 ஆண்டுகளில் எடிசனும் டேவிட் ஹியூஸும் உருவாக்கிய கரி ஒலிவாங்கி, தானே ஒரு பெருக்கியாகவும் இருந்தது. மின்கலத்திலிருந்து வரும் மின்னோட்டம் கரியின் வழியே செல்லும். குரல் மோதும்போது கரி நெருங்கியும் விலகியும் அவ்வோட்டத்தைக் கூட்டிக் குறைக்கும். குரலின் ஆற்றலைவிடக் கம்பியில் செல்லும் ஆற்றல் மிகுதி. ஆயின் அதன் ஓசையில் கரகரப்பு மிகுதி. பேச்சின் பொருள் விளங்கும். பாட்டின் இனிமை விளங்காது.

1906-இல் லீ டி பாரஸ்ட் என்னும் அமெரிக்கர், பிளெமிங்கின் இருமுனைக் குழலுக்குள் மூன்றாவதாக ஒரு கம்பி வலையைச் சேர்த்தார். அக்குழல் எவ்வாறு வேலை செய்கின்றது என்பதை அவரே சரியாக உணர்ந்திருக்கவில்லை. தொலைபேசிக் கம்பெனியின் ஹரால்டு அர்னால்டு 1912, 1913 ஆண்டுகளில் குழலுக்குள் எஞ்சியிருந்த காற்றை முற்ற அகற்றி அதனை நம்பத்தக்க பெருக்கியாக்கினார். நம்மவர் வால்வு என்று வழங்கும் பொருள் இதுவே. 1915 ஜனவரி 25 அன்று நியூயார்க்கிலிருந்து கிரகாம் பெல் பேச, சான் பிரான்சிஸ்கோவில் வாட்சன் கேட்டார். கண்டத்தைக் கடந்த அக்குரலை வழிநெடுகத் தாங்கிச் சென்றவை வால்வுகளே.

பெருக்கி கிடைத்துவிட்டது என்றதும், ஒலிவாங்கி வலிமையாக இருக்க வேண்டும் என்னும் கட்டாயம் நீங்கிற்று. மெல்லியதாக இருந்தாலும் உண்மையாக இருந்தால் போதும் என்னும் எண்ணம் பிறந்தது. 1916-இல் இ. சி. வென்டி மின்தேக்கி ஒலிவாங்கியை அமைத்தார். இழுத்துக் கட்டிய மெல்லிய உலோகத் தகடும் அதன் பின்னே ஒரு தட்டும் கொண்ட அக்கருவி, குரலின் நுட்பங்களைக் கரியினும் பன்மடங்கு செம்மையாகப் பற்றியது. ஆனால் அதன் மின்னலை, நீண்ட கம்பியில் சென்றால் வழியிலேயே தேய்ந்துவிடும். எனவே ஒலிவாங்கியை ஒட்டியே ஒரு வால்வுப் பெருக்கியை வைக்க வேண்டியதாயிற்று. இன்று நாம் பேசும் முன்பெருக்கியின் முன்னோர் இதுவெனக் கொள்ளலாம்.

1925-இல் விக்டர், கொலம்பியா ஆகிய இசைத்தட்டு நிறுவனங்கள் மின்முறைப் பதிவுக்கு மாறின. அதற்கு முன் பாடகர் பெரிய கூம்பு ஒன்றின் வாயில் முகம் வைத்து உரக்கப் பாட வேண்டும். மின்முறை வந்தபின் தாலாட்டுப் போல மெல்லப் பாடுவோரும் இசைத்தட்டில் இடம் பெற்றனர். ஆயினும் இக்கருவிகளை வீட்டில் வைத்துக்கொள்ள யாரும் கனவும் கண்டிலர். வானொலி நிலையங்களும் இசைத்தட்டு நிறுவனங்களுமே அவற்றை உடையனவாக இருந்தன. லண்டனில் இ.எம்.ஐ. நிறுவனம் தன் ஆபி ரோடு கூடத்துக்கு வேண்டிய கலவை மேசைகளைத் தன் பொறியாளரைக் கொண்டே செய்துகொண்டது. பீட்டில்ஸ் குழுவினரின் தொடக்கப் பாடல்கள் அத்தகைய வால்வு மேசைகளின் வழியே பதிவானவை.

இயற்கை இட்ட எல்லை

இவ்வரலாற்றில் இசையோடு எத்தொடர்பும் அற்ற ஓர் ஆராய்ச்சியே முதன்மையானது. பெருக்கியை எவ்வளவு திருத்தமாகச் செய்தாலும் 'உஸ்' என்னும் இரைச்சல் அடியில் கேட்டுக்கொண்டே இருந்தது. அது வால்வின் குறையோ, கம்பியின் குறையோ என்று பொறியாளர் மயங்கினர். பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் பணியாற்றிய ஜான் ஜான்சன் இதனை அளந்து ஆராய்ந்தார். அவருடைய நண்பர் ஹாரி நைக்விஸ்ட் அதற்குக் கணக்கு வகுத்தார். இருவரும் சுவீடனில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர்கள். அவர்தம் முடிவுகள் 1928-இல் வெளிவந்தன. வெப்பம் உள்ள எப்பொருளிலும் மின்னணுக்கள் ஓயாமல் அலைகின்றன. அவ்வலைவே இரைச்சலாகக் கேட்கின்றது. இது கருவியின் பிழையன்று, பொருளின் இயல்பு. தடையும் வெப்பநிலையும் எவ்வளவு என்று தெரிந்தால் இரைச்சல் எவ்வளவு என்று கணக்கிட்டுவிடலாம்.

ஒலிவாங்கிகள் பலவற்றுக்கு 150 ஓம் அளவில் தடை உண்டு. நம் அறையின் வெப்பத்தில், காது கேட்கும் அலைவரிசை முழுவதிலும், அத்தடை தானாகவே எழுப்பும் இரைச்சல் 0.22 மைக்ரோ வோல்ட்டு. பொறியாளர் வழக்கில் இது -131 டெசிபல் எனப்படும். விலை எத்துணை உயர்ந்த முன்பெருக்கியாயினும் இக்கோட்டுக்குக் கீழே இறங்க முடியாது. ஏனெனில் இரைச்சல் அதற்குள் பிறப்பதில்லை, அதன் வாயிலுக்கு வரும்போதே உடன் வருகின்றது. நூறு வெள்ளிக் கருவிக்கும் ஐயாயிரம் வெள்ளிக் கருவிக்கும் பொதுவான எல்லை இது. பெருக்கி செய்வோரின் திறமையெல்லாம், தம் பங்குக்கு இன்னும் எவ்வளவு இரைச்சல் சேர்க்கிறார்கள் என்பதில்தான் அடங்கியிருந்தது.

வால்வுக் காலத்தில் அந்தத் திறமைக்கு விலை மிகுதி. வால்வின் வாயிலில் மெல்லிய அலையை நேரே கொடுத்தால் வால்வின் சொந்த இரைச்சல் அதனை விழுங்கிவிடும். எனவே நடுவில் மின்மாற்றி ஒன்றை வைத்தனர். ஒன்றுக்குப் பத்தாகச் சுற்றிய மின்மாற்றி, அலையின் வோல்ட்டைப் பத்து மடங்கு உயர்த்தி, அதாவது 20 டெசிபல் ஏற்றி, வால்வுக்குக் கொடுக்கும். இச்சிறு பொருளைச் செய்வது எளிதன்று. மயிரிழை போன்ற கம்பியை ஒழுங்காகச் சுற்ற வேண்டும். நிக்கல் கலந்த உயர்ந்த உலோகத்தை நடுவில் வைக்க வேண்டும். அண்டையிலுள்ள மின்கம்பிகளின் ரீங்காரம் புகாதபடி உலோகக் கவசமும் இட வேண்டும். அக்காலத்து முன்பெருக்கியின் விலையில் பெரும்பகுதி இந்த மின்மாற்றிக்கே சென்றது எனலாம்.

ரூப்பர்ட் நீவ்

டிரான்சிஸ்டர் 1947-இல் பெல் ஆராய்ச்சிக் கூடத்திலேயே பிறந்தது. ஆயினும் ஒலிப்பதிவுத் துறை உடனே அதனை ஏற்கவில்லை. தொடக்க டிரான்சிஸ்டர்களில் இரைச்சல் மிகுதி. சிலிக்கன் டிரான்சிஸ்டர் வந்தபின் நிலைமை மாறிற்று. அம்மாற்றத்தோடு சேர்த்து நினைக்கப்படுபவர் ரூப்பர்ட் நீவ். 1926-இல் இங்கிலாந்தில் பிறந்து அர்ஜென்டினாவில் வளர்ந்தவர். 1964-இல் லண்டனில் பிலிப்ஸ் இசைத்தட்டு நிறுவனத்துக்காக டிரான்சிஸ்டர் கருவிகளைச் செய்தார். 1970-இல் அவர் நிறுவனம் வெளியிட்ட 1073 என்னும் பகுதி, லண்டனின் வெசெக்ஸ் கூடத்து மேசைக்காக உருவானது. முன்பெருக்கியும் ஒலித்திருத்தியும் ஒன்றாய் அமைந்த அப்பகுதிக்குள் மின்மாற்றியும் டிரான்சிஸ்டரும் இருந்தன. 80 டெசிபல் வரை பெருக்கம் கிடைத்தது.

1073 இன்று பெரும் புகழோடு விளங்குகின்றது. பெரிய மேசைகள் காலாவதியாகிப் பிரிக்கப்பட்டபோது, அதன் பகுதிகள் தனித்தனியே விலைபோயின. இன்று புதிதாகச் செய்யப்படுபவையும் ஆயிரக்கணக்கான வெள்ளிக்கு விற்கின்றன. அப்புகழ் பொய்யன்று. மின்மாற்றியின் உலோகம் பலத்த ஒலியில் சிறிது திரிபு உண்டாக்கும். அத்திரிபு காதுக்கு இனியது என்பர் பலர். ஆனால் அவ்விலைக்கு வாங்குவது அந்தச் சுவையைத்தான். குறைந்த இரைச்சலை அன்று. இவ்வேறுபாட்டை விற்போர் அழுத்திச் சொல்வதில்லை.

ஒலிவாங்கிகளுக்கு மின்சாரம் அனுப்பும் முறையும் இதே காலத்தில் ஒழுங்குபட்டது. மின்தேக்கி ஒலிவாங்கிக்குள் இருக்கும் சிறு பெருக்கிக்கு மின்சாரம் வேண்டும். 1966-இல் நார்வே வானொலிக்காக ஜெர்மனியின் நாய்மன் நிறுவனம், ஒலி வரும் கம்பி வழியாகவே 48 வோல்ட்டு அனுப்பும் முறையைக் கொண்டு வந்தது. நார்வேயின் கூடங்களில் அவசர விளக்குகளுக்கென 48 வோல்ட்டு ஏற்கெனவே இருந்தமையே அவ்வெண்ணுக்குக் காரணம் என்பர். விளக்குக்காக வந்த எண் ஒலித்துறையில் நிலைத்துவிட்டது. இன்றும் முன்பெருக்கியின் முகப்பில் '48' என்னும் பொத்தானைக் காணலாம்.

1982-இல் இரு பதிவுகள்

1979-இல் ஜப்பானின் டாஸ்கம் நிறுவனம் போர்ட்டாஸ்டுடியோ 144 என்னும் கருவியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. சாதாரண கேசட்டு நாடாவில் நான்கு தடங்களைத் தனித்தனியே பதிவு செய்யலாம். முன்பெருக்கியும் கலவை மேசையும் அதே பெட்டிக்குள் அடக்கம். முன்பெருக்கி மேசை மீது வைக்கும் வீட்டுப் பொருளாகத் தொடங்கியது இதனோடுதான் எனலாம்.

1982 ஜனவரியில் அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், நியூஜெர்சியில் தாம் குடியிருந்த வீட்டின் படுக்கையறையில் இத்தகைய கருவியை வைத்துப் பாடினார். ஒலிவாங்கிகள் இரண்டு, இரண்டும் முன்னே கூறிய எஸ்எம்57. அவர் கருதியது ஒரு மாதிரிப் பதிவு மட்டுமே. தம் இசைக்குழுவினர்க்குப் பாட்டின் போக்கைக் காட்டி, பின்னர் நியூயார்க்கின் பெரிய கூடத்தில் முறையாகப் பதிவு செய்வது அவர் நோக்கம். அவ்வாறே கூடத்தில் பாடியும் பார்த்தனர். உயர்ந்த கருவிகள், தேர்ந்த பொறியாளர்கள், தேர்ந்த வாத்தியக்காரர்கள் அனைவரும் இருந்தும், படுக்கையறைப் பதிவில் இருந்த உயிர்ப்பு அதில் வரவில்லை. முடிவில் சட்டைப் பையில் உறையின்றித் திரிந்த அந்தக் கேசட்டையே இசைத்தட்டாக்கத் துணிந்தனர். நாடாவின் ஒலி மெலிந்திருந்தமையால் அதைத் தட்டுக்கு மாற்றுவதற்குப் பொறியாளர் பெரிதும் இடர்ப்பட்டனர். 'நெப்ராஸ்கா' என்னும் பெயரில் அது அவ்வாண்டு செப்டம்பர் 30 அன்று வெளிவந்தது.

இதில் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. அப்பதிவில் கேட்கும் இரைச்சலில் பெரும்பங்கு கேசட்டு நாடாவினுடையது. முன்பெருக்கி எளியதாயினும் பழி அதன்மேல் சென்று சேராது. நாடாவின் இரைச்சல் அவ்வளவு உயரத்தில் இருக்கும்போது, ஆயிரம் வெள்ளி முன்பெருக்கியை அதன்முன் வைத்திருந்தாலும் கேட்போர் வேற்றுமை கண்டிருக்க மாட்டார்கள்.

அவ்வாண்டின் இறுதியில் மைக்கேல் ஜாக்சனின் 'திரில்லர்' வெளிவந்தது. கலிபோர்னியாவின் உயர்ந்த கூடத்தில் பொறியாளர் புரூஸ் சுவீடியன் பதிவு செய்த அதில், முதன்மைக் குரலுக்கு அவர் பெரிதும் பயன்படுத்தியது ஷூர் நிறுவனத்தின் எஸ்எம்7 என்னும் எளிய சுருள் ஒலிவாங்கி. கூடத்தில் விலை மிக்க ஒலிவாங்கிகள் இல்லாமல் இல்லை; தாம் கேட்ட ஓசை அதில் கிடைத்தமையால் அதையே எடுத்தார். ஆனால் எஸ்எம்7 மிக மெல்லிய அலை தருவது. அதன் பின்வந்த எஸ்எம்7பி வடிவம் அதே 94 டெசிபல் ஒலிக்கு 1.12 மில்லி வோல்ட்டுதான் தரும்; 60 டெசிபலுக்குக் குறையாத பெருக்கம் வேண்டும் என்று நிறுவனமே கூறுகின்றது. பெரிய கூடத்து மேசைகளில் அது குறைவின்றிக் கிடைத்தது. அதே ஒலிவாங்கியைப் பிற்காலத்தில் வீட்டுக்கு வாங்கி வந்தவர்கள்தாம் இடர்ப்பட்டனர்.

எட்டுக் கால் சில்லு

1980-களின் இறுதியிலும் 1990-களிலும், ஒலிவாங்கிக்கென்றே செய்த சில்லுகள் சந்தைக்கு வந்தன. அவற்றுள் பெயர் பெற்றது எஸ்எஸ்எம்2017. எட்டுக் கால்கள் கொண்ட இக்கரிய துண்டு சில வெள்ளி விலையே உடையதாக இருந்தது. உயர்ந்த பெருக்கத்தில் அது தன் பங்காகச் சேர்க்கும் இரைச்சல், அலைவரிசையின் ஒவ்வோர் அலகுக்கும் 0.95 நானோ வோல்ட்டு. 150 ஓம் தடை இயற்கையாகவே எழுப்புவது 1.6 நானோ வோல்ட்டு. கருவியின் இரைச்சல் இயற்கையின் இரைச்சலைவிடக் குறைந்துவிட்டது என்பது இதன் பொருள். இரண்டையும் வர்க்கித்துக் கூட்டி மூலம் கண்டால், இயற்கை எல்லையினும் ஒன்றரை டெசிபலுக்குக் குறைவான வேறுபாடே எஞ்சுகின்றது. காது அதனை உணர்வது அரிது. மின்மாற்றிக்காகச் செலவிட்ட பொருளெல்லாம், இரைச்சலைப் பொறுத்தவரை, அன்றோடு தேவையற்றதாயிற்று.

ரூப்பர்ட் நீவின் வழியே இம்மாற்றத்தைக் காணலாம். தம் பெயருள்ள நிறுவனத்தை விட்டு விலகிய அவர், 1985-இல் போக்கஸ்ரைட் என்னும் புதிய நிறுவனத்தைத் தொடங்கி, ஜார்ஜ் மார்ட்டினின் ஏர் கூடத்துக்காக உயர்ந்த முன்பெருக்கிகள் செய்தார். 1989-இல் அந்நிறுவனம் பில் டட்ரிட்ஜ் என்பவரிடம் கைமாறிற்று. 2011-இல் அதே பெயரில் ஸ்கார்லெட் என்னும் சிவப்புப் பெட்டி வெளிவந்தது. இரண்டு முன்பெருக்கிகளும், ஒலியை எண்ணாக மாற்றிக் கணினிக்கு அனுப்பும் பகுதியும் ஒரே பெட்டியில் அடங்கின. நீவ் 2021-இல் தம் 94-ஆம் வயதில் மறைந்தபோது, அவர் தொடங்கிய நிறுவனத்தின் பெட்டி எண்ணற்ற மாணவர்களின் மேசைகளில் இருந்தது.

ஆயின் மலிவான பெட்டிகளில் குறையே இல்லை என்பதன்று. அவற்றின் குறை இரைச்சலில் அன்று, பெருக்கத்தில் இருந்தது. 2019-இல் வெளிவந்த ஸ்கார்லெட் பெட்டியின் பெருக்கம் 56 டெசிபல். எஸ்எம்57-ஐ வாயருகே வைத்து உரத்துப் பாடுவோர்க்கு அது சரியாகப் போதும். எஸ்எம்7பி-யை வைத்து மெல்லப் பேசுவோர்க்குப் போதாது. பொத்தானை முற்றத் திருகியும் குரல் தாழ்ந்தே நிற்கும். அந்நிலையில் பலர், தம் முன்பெருக்கி தரமற்றது என்று முடிவு கட்டி, பன்மடங்கு விலையுள்ள இன்னொன்றைத் தேடினர். 48 வோல்ட்டில் இயங்கி 25 டெசிபல் ஏற்றித் தரும் சிறு குழல் ஒன்றைக் கம்பியின் இடையில் செருகினாலே அக்குறை தீரும். 2023-இல் வந்த பெட்டியில் 69 டெசிபல் பெருக்கம் உள்ளது. அதற்கு அக்குழலும் தேவைப்படாது.

இரைச்சல் எண்ணைப் படிப்போர் அதனைத் தம் அறையோடு ஒப்பிட வேண்டும். விவரத்தாளில் -128 டெசிபல் என்று கண்டிருக்கும் பெட்டியில் எஸ்எம்57-ஐ இணைத்தால், பெட்டியின் இரைச்சல் காற்றில் 20 டெசிபல் வலிமையுள்ள ஓர் ஒலிக்குச் சமமாகும். நள்ளிரவில் ஓசையடங்கிய வீட்டு அறையிலேயே 30 டெசிபல் அளவுக்கு இரைச்சல் உண்டு. மின்விசிறி சுழன்றால் 40-ஐத் தாண்டும். மின்தேக்கி ஒலிவாங்கி வைத்திருப்போர்க்கு இக்கவலை இன்னும் குறைவு. நாய்மன் யு87 போன்றது 28 மில்லி வோல்ட்டு தருவதால், அதே பெட்டியின் இரைச்சல் காது கேட்கும் எல்லைக்கும் கீழே போய்விடும். விலையேறிய ஒலிவாங்கிக்கு விலையேறிய முன்பெருக்கி வேண்டும் என்று பலர் எண்ணுகின்றனர். கணக்கு இதற்கு நேர்மாறாக இருக்கின்றது. ஒரு சொல்: சில நிறுவனங்கள் காதின் இயல்புக்கேற்பத் திருத்திய கணக்கைத் தருகின்றன, அப்போது எண் இரண்டு டெசிபல் அளவு கூடுதல் அழகாகத் தோன்றும். இரண்டு கருவிகளை ஒப்பிடும்போது இரண்டும் ஒரே கணக்கா என்று பார்த்தல் நலம்.

வால்வின் மேல் கொண்ட பற்றினால் மலிவான பெட்டிக்குள் வால்வு ஒன்றை வைத்து விற்பதும் 1990-களிலிருந்து வழக்கமாயிற்று. இருநூறு வோல்ட்டுக்கு மேல் வேண்டுகின்ற வால்வை அவற்றுட் பலவற்றில் மிகக் குறைந்த வோல்ட்டில் ஏற்றிவைக்கின்றனர். குரலைப் பெருக்குவது பெரும்பாலும் அருகிலிருக்கும் சில்லே. உள்ளிருந்து செந்நிறமாய் ஒளிரும் குழல் கண்ணுக்கு விருந்து. அதற்கெனத் தனியே பொருள் செலவிடல் வேண்டா.

2023-இல் ஷூர் நிறுவனம் எஸ்எம்7-இன் புதிய வடிவம் ஒன்றை வெளியிட்டது. அதன் உடலுக்குள்ளேயே 18 அல்லது 28 டெசிபல் ஏற்றும் பெருக்கி ஒன்று அமைந்துள்ளது. 1916-இல் வென்டி ஒலிவாங்கியை ஒட்டி வைத்த பெருக்கி மீண்டும் அதனிடமே வந்து சேர்ந்தது. 48 வோல்ட்டு தரும் சாதாரணப் பெட்டி ஒன்று அதற்குப் போதும்.